கோழி கற்றுத் தந்த பாடம்
(டாக்டர் எய்க்மான் வாழ்க்கை வரலாறு)



பரிசளிப்பு விழா மலர் என்றால் அதில் பெரியவர் ஒருவருடைய வாழ்க்கை வரலாறு இருக்கத்தான் வேண்டும். காந்தியடிகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். பாரதியாரைப் பற்றியும் எடிசனைப் பற்றியும் படித்திருப்பீர்கள். இந்த முறை ஒரு டாக்டரைப் பற்றிச் சொல்லலாம் என்று எண்ணம். கிறிஸ்டியான் எய்க்மான் என்பது அவர் பெயர். டச்சு நாட்டுக்காரர், நோபல் பரிசு பெற்றவர். மருத்துவம் படித்தவர்களுக்கெல்லாம் அவர் பெயர் தெரியும். ஆனால் அவர் கண்ட உண்மை புத்தகத்தில் மட்டும் இல்லீங்க. நீங்கள் தினமும் உலையில் போடுகிறீர்களே அரிசி, அதற்குள்ளேயே இருக்கிறது. அது மட்டுமல்ல, இந்த மலாயா மண்ணுக்கு வந்து பால்மரம் சீவிய நம் பாட்டன்மார்களுக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. எப்படி என்று கேட்கிறீர்களா? வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

காலை முடக்கிய நோய்

நூறு நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னால் ஜாவா, சுமாத்ரா, மலாயா, சயாம், ஜப்பான் என்று இந்தப் பக்கம் முழுவதும் ஒரு நோய் ஆட்களை வாரிக்கொண்டு போனது. அதன் பெயர் பெரிபெரி. முதலில் பாதம் மரத்துப்போகும். சிலருக்கு எரியும். கெண்டைக்கால் சதையைத் தொட்டால் வலிக்கும். குந்தி உட்கார்ந்தவன் கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியாது. பிறகு நடை தள்ளாடும். கால் மடங்கிக்கொள்ளும். கையும் பலம் இழக்கும். வேறு சிலருக்குக் கால் வீங்கி, நெஞ்சு படபடத்து, மூச்சு வாங்கி, இதயம் நின்றுபோகும். நேற்று மண்வெட்டி பிடித்தவன் இன்று பாயில் கிடப்பான்.

இது நரம்பைத் தாக்குகிற நோய். நரம்பு என்றால் என்ன? மாணவர்களே, டெலிபோன் கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். மூளையிலிருந்து முதுகுத் தண்டு வழியாகக் கைகால் வரைக்கும் அந்தக் கம்பி போகிறது. மூளை சொல்வதைக் காலுக்கும், கால் உணர்வதை மூளைக்கும் கொண்டுபோவது அதுதான். உடம்பிலேயே நீளமான கம்பி காலுக்குப் போகிற கம்பி. ஆகவே நரம்பு பழுதுபட்டால் முதலில் பாதம்தான் மரக்கிறது.

அந்தக் காலத்தில் சுமாத்ராவின் வடக்கே அச்சே நாட்டோடு டச்சுக்காரர்கள் போர் செய்துகொண்டிருந்தார்கள். 1873ல் தொடங்கிய போர் அது. துப்பாக்கிக் குண்டுக்குத் தப்பிய சிப்பாய்கள் பெரிபெரிக்குத் தப்பவில்லை. சிறைகளிலும் கப்பல்களிலும் அதே கதை. காரணம் என்ன? ஒருவருக்கும் தெரியவில்லை. காற்று கெட்டுவிட்டது என்றார்கள், ஈரம் என்றார்கள், கிருமி என்றார்கள்.

வாத்தியார் வீட்டுப் பிள்ளை

எய்க்மான் 1858ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் தேதி ஹாலந்தில் நைகெர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் பள்ளித் தலைமையாசிரியர். வீட்டில் இவர் ஏழாவது பிள்ளை. மறு வருஷமே குடும்பம் ஸாண்டாம் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே புதிதாகத் திறந்த பள்ளிக்குத் தகப்பனார் தலைமையாசிரியரானார். எய்க்மானும் அவருடைய அண்ணன்மார்களும் தகப்பனாரிடமே பாடம் படித்தார்கள். வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்குச் சலுகை கிடைக்கும் என்று நினைக்காதீங்க. வாத்தியார் பிள்ளை தப்புப் பண்ணினால் ஊரே பேசும் அல்லவா?

நிறையப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒருவனை டாக்டருக்குப் படிக்க வைப்பது லேசான காரியமா? 1875ல் எய்க்மான் ஆம்ஸ்டர்டாமில் இராணுவ மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். கிழக்கிந்தியத் தீவுகளில் இருந்த டச்சுப் படைக்கு டாக்டர்களைத் தயார் செய்கிற பள்ளி அது. தேர்வுகளையெல்லாம் சிறப்பாகத் தேறினார். 1883ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அதற்காக அவர் எழுதிய ஆராய்ச்சி எதைப் பற்றித் தெரியுமா? நரம்புகளில் மின்சாரம் உண்டாக்கும் மாற்றத்தைப் பற்றி! பிற்காலத்தில் தன்னை உலகறியச் செய்யப்போவதும் நரம்பு நோய்தான் என்று அந்த இளைஞருக்கு அப்போது எப்படித் தெரியும்?

அதே வருஷம் ஜாவாவுக்குக் கப்பலேறினார். முதலில் செமாராங், பிறகு ஜாவாவின் தெற்குக் கரையில் சிலாச்சாப், அப்புறம் சுமாத்ராவில் பாடாங் சிடெம்புவான். சிலாச்சாப்பில் மலேரியாக் காய்ச்சல் அவரைப் பிடித்துக்கொண்டது. நம் முன்னோர்களைத் தோட்டக் காடுகளில் கொன்று குவித்த அதே காய்ச்சல்தான். உடம்பு தேறாமல் 1885ல் ஊருக்குத் திரும்பினார். மறு வருஷம் மனைவியும் இறந்துபோனார். கலியாணமாகி மூன்றே வருஷம். நோயும் துக்கமுமாக இருபத்தெட்டு வயதில் தனி ஆளாக நின்றார்.

இந்த நிலையில் வேறு ஒருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? இனி அந்தப் பக்கமே வேண்டாம் என்று ஊரோடு இருந்திருப்பார். எய்க்மான் அப்படி இருக்கவில்லை. பெர்லின் நகரம் போனார். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக் என்ற பேரறிஞருடைய ஆய்வுக்கூடத்தில் மாணவராகச் சேர்ந்தார். அங்கேதான் அவருடைய வாழ்க்கை திரும்பியது. பெரிபெரியின் காரணத்தைக் கண்டுபிடிக்க டச்சு அரசாங்கம் பெகெல்ஹாரிங், விங்க்ளர் என்ற இரண்டு அறிஞர்களை ஜாவாவுக்கு அனுப்புவதாக இருந்தது. அவர்கள் புறப்படும் முன் பெர்லினுக்கு வந்திருந்தார்கள். எய்க்மானைச் சந்தித்தார்கள். உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார்கள். 1886ல் மறுபடியும் கப்பல்.

கிருமி தேடிய கதை

பத்தாவியா நகரம் (இன்றைய ஜாக்கர்த்தா) இராணுவ ஆஸ்பத்திரியில் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார்கள். இறந்தவர்களுடைய நரம்புகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்கள். கைகால்களுக்குப் போகிற நரம்புகள் சிதைந்து கிடப்பதைத் தெளிவாகக் கண்டார்கள். அது பெரிய வெற்றி. ஆனால் சிதைத்தது எது? கிருமிதான் என்று முடிவு கட்டினார்கள். அது கிருமிகளைக் கண்டுபிடித்த காலம். காலராவுக்குக் கிருமி, காசத்துக்குக் கிருமி, பெரிபெரிக்கும் ஏன் இருக்கக்கூடாது? 1887ல் இரண்டு அறிஞர்களும் ஊர் திரும்பினார்கள். பாக்கி வேலையை எய்க்மானிடம் ஒப்படைத்தார்கள். 1888ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி அந்த ஆய்வுக்கூடத்தின் முதல் தலைவரானார் எய்க்மான். வயது இருபத்தொன்பது. ஜாவா இளைஞர்களுக்கு மருத்துவம் கற்றுத் தந்த பள்ளிக்கும் அவரே தலைவர். அதே வருஷம் மறுமணம் செய்துகொண்டார். இரண்டாண்டில் ஒரு மகன் பிறந்தான்.

அவர் முன்னால் இருந்த வேலை என்ன? அந்தக் கிருமியைப் பிடித்து, ஒரு பிராணிக்குள் செலுத்தி, அதே நோயை உண்டாக்கிக் காட்ட வேண்டும். விலை மலிவாகக் கிடைக்கிற கோழிகளை வாங்கினார். நோயாளியின் இரத்தத்தைச் சில கோழிகளுக்கு ஊசி போட்டார். ஒப்பிட்டுப் பார்க்கச் சில கோழிகளைச் சும்மா விட்டுவைத்தார்.

நாட்கள் போயின. கோழிகளுக்கு நோய் வந்தது. நடை தள்ளாடியது. காலை அகட்டி வைத்து நின்றன. கொப்பில் ஏறி உட்கார முடியாமல் விழுந்தன. பிறகு இறக்கையும் தொங்கியது. கடைசியில் மூச்சுத் திணறி, கொண்டை நீலம் பாரித்து இறந்தன. அறுத்துப் பார்த்தால் மனிதர்களுக்குப் போலவே நரம்புகள் சிதைந்திருந்தன.

வெற்றி என்றுதானே நினைப்பீங்க? அதுதான் இல்லை! ஊசி போட்ட கோழிக்கும் வந்தது, ஊசி போடாத கோழிக்கும் வந்தது. பிரித்துத் தனிக்கூண்டில் வைத்தாலும் வந்தது. எய்க்மானுக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் இன்னொரு அதிசயம். நோய் திடீரென்று நின்றுவிட்டது. விழுந்து கிடந்த கோழிகள் எழுந்து நடந்தன. புதிதாக ஒன்றுக்கும் நோய் வரவில்லை. மருந்து கொடுத்தது யார்? ஒருவரும் கொடுக்கவில்லை.

புதுச் சமையற்காரர்

மாணவர்களே, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். கோழி பிழைத்ததே, அது போதும் என்று எய்க்மான் விடவில்லை. என்ன மாறியது, எது மாறியது என்று ஒவ்வொன்றாகத் துருவி விசாரித்தார். கூண்டு அதே கூண்டு. ஆள் அதே ஆள். கடைசியில் தீனியில் வந்து நின்றது விசாரணை.

நடந்தது இதுதான். கோழி பார்த்துக்கொண்டிருந்த ஆள் செலவை மிச்சம் பிடிக்க நினைத்தார். ஆஸ்பத்திரிக் குசினியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றை வாங்கிவந்து கோழிகளுக்குப் போட்டுவந்தார். ஜூன் மாதம் நடுவில் தொடங்கி நவம்பர் கடைசி வரைக்கும் அந்தச் சோறுதான் தீனி. பிறகு குசினிக்குப் புதுச் சமையற்காரர் வந்தார். பட்டாளத்துச் சோற்றைப் பட்டாளத்தில் சேராத கோழிகளுக்குக் கொடுப்பதா என்று மறுத்துவிட்டார். கோழிகளுக்குப் பழையபடி தீட்டாத மலிவு அரிசி வந்தது. நோய் வந்ததும் அந்த மாதங்களில்தான், போனதும் சோறு நின்ற பிறகுதான்.

வெள்ளைச் சோறு சிப்பாய்க்கு நல்லது, தீட்டாத அரிசி கோழிக்கு என்றுதானே ஊர் வழக்கம்? அந்த வழக்கம் தலைகீழாக நின்றது. நல்லது என்று நினைத்த சோறு காலை முடக்கியது. மட்டம் என்று நினைத்த அரிசி எழுப்பி நடக்க வைத்தது.

எய்க்மான் உடனே ஊரைக் கூட்டிச் சொல்லவில்லை. வருஷக்கணக்காகச் சோதித்தார். தீட்டிய அரிசி கொடுத்தால் நோய் வந்தது. தீட்டாத அரிசி கொடுத்தால் வரவில்லை. தீட்டிய அரிசியோடு தவிட்டையும் சேர்த்துக் கொடுத்தால் வரவில்லை. கால் முடங்கிப்போன கோழிக்குத் தவிடு கொடுத்தால் சில நாட்களில் எழுந்தது. புது அரிசியா, பழைய அரிசியா, சமைத்ததா, சமைக்காததா என்றும் பார்த்தார். எல்லாவற்றையும் விட முக்கியம், நெல்மணியின் மேல் ஒட்டியிருக்கும் அந்த மெல்லிய தோல் இருக்கிறதா, போய்விட்டதா என்பதுதான்.

உரலில் குத்திய காலத்தில் அந்தத் தோல் முழுவதும் போகவில்லை. இயந்திர ஆலைகள் வந்து, அரிசியை மல்லிகைப்பூப் போல வெளுக்கத் தீட்டத் தொடங்கிய பிறகுதான் பெரிபெரி தலைவிரித்து ஆடியது. வெள்ளையாக இருப்பதெல்லாம் நல்லது என்று நினைத்தோம், பாருங்கள்!

சிறைச்சாலைக் கணக்கு

கோழிக்குச் சரி, மனிதனுக்கு? ஜாவாவின் சுகாதார மேற்பார்வையாளராக இருந்த வோர்டெர்மான் என்பவர் எய்க்மானுக்குக் கைகொடுத்தார். ஒவ்வொரு சிறையிலும் ஒவ்வொரு வகை அரிசி கொடுக்கும் வழக்கம் இருந்தது. அதைக் கணக்கெடுத்தார். மொத்தம் 101 சிறைகள். தவிடு போகாத அரிசி கொடுத்த 37 சிறைகளில் ஒன்றில் மட்டுமே பெரிபெரி இருந்தது. வெள்ளை அரிசி கொடுத்த 51 சிறைகளில் 36ல் இருந்தது. இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஆனால் அந்தக் கணக்கு முடியும் வரை எய்க்மானால் அங்கே இருக்க முடியவில்லை. உடம்பு மறுபடியும் கெட்டது. 1896 மார்ச்சில் ஜாவாவை விட்டுப் புறப்பட்டார். 1898ல் ஊட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் சுகாதாரப் பேராசிரியரானார். 1928 வரை முப்பது ஆண்டுகள் அங்கேயே பாடம் நடத்தினார். தகப்பனாரைப் போலவே மகனும் வாத்தியார்தான்.

தப்பை ஒத்துக்கொண்ட மனம்

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். எய்க்மான் கண்டது சரி. அதற்கு அவர் சொன்ன காரணம் தவறு. சோற்றில் உள்ள மாவுச்சத்து வயிற்றில் ஒருவித நஞ்சை உண்டாக்குகிறது, தவிட்டில் அதை முறிக்கும் மருந்து இருக்கிறது என்று அவர் எண்ணினார். அவருக்குப் பின் அதே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த இளையவர் கெரிட் கிரைன்ஸ், 1901ல் வேறு விதமாகச் சொன்னார். நஞ்சும் இல்லை, கிருமியும் இல்லை. நரம்புக்குத் தேவையான ஏதோ ஒரு சத்து தவிட்டில் இருக்கிறது. அது இல்லாததுதான் நோய். பச்சைப்பயற்றிலும் அந்தச் சத்து இருக்கிறது என்று காட்டினார். நம்ம ஊர்ப் பசாரில் காச்சாங் ஈஜோ என்று கேட்டு வாங்குகிறோமே, அதே பயறுதான்.

ஒரு பொருள் இருப்பதால் நோய் வரும் என்பது எல்லாரும் அறிந்தது. ஒரு பொருள் இல்லாததால் நோய் வரும் என்பது அன்றைக்குப் புதுமை. எய்க்மான் உடனே தலையாட்டவில்லை. ஆனால் சான்றுகள் சேரச் சேர, தன் கருத்தை விட்டுக்கொடுத்து இளையவர் கருத்தை ஏற்றுக்கொண்டார். வயதில் மூத்தவர், பதவியில் பெரியவர், தன்னுடைய எண்ணம் தவறு என்று ஒத்துக்கொள்வது எத்தனை கடினம் என்று உங்களுக்கே தெரியும். வீட்டில் நாம் பிள்ளைகளிடம் அப்படி ஒத்துக்கொள்கிறோமா? யோசித்துப் பாருங்கள்.

நம் பாட்டன்மார் சாப்பிட்ட சோறு

இனி மலாயாவுக்கு வருவோம். அந்தக் காலத்தில் இங்கேயும் பெரிபெரி ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள்தான் அதிகமாக மாண்டார்கள். நெகிரி செம்பிலானில் அரசாங்க டாக்டராக இருந்த பிராட்டன் என்ற வெள்ளைக்காரர் ஒன்றைக் கவனித்தார். ஒரே வெயில், ஒரே மழை, ஒரே காடு. அப்படியிருந்தும் தமிழ்த் தொழிலாளர்களுக்குப் பெரிபெரி அநேகமாக வருவதில்லை. ஏன்? சீனர்கள் சாப்பிட்டது சயாம் பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி!

பார்த்தீங்களா? நெல்லை ஊறவைத்து, உமியோடு அவித்து, காயவைத்துப் பிறகு குத்துவது நம் பழைய வழக்கம். அப்படி அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து நெல்மணிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும். நம் ஆட்களுக்கு இந்த அறிவியல் தெரியாது. தாய் சமைத்தபடி மகள் சமைத்தாள், அவ்வளவுதான். அந்தச் சோறு அவர்களுடைய நரம்பைக் காத்தது. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் ஆயிரமாயிரம் பேரைக் கொண்டுபோனது உண்மை. ஆனால் இந்த ஒரு எமனிடமிருந்து புழுங்கல் அரிசி அவர்களைக் காப்பாற்றியது.

பிராட்டன் 1907ல் இதைப் பெரிய புத்தகமாக எழுதினார். 1905ல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்ற டாக்டர் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்குப் புழுங்கல் அரிசி, மறு பிரிவுக்குப் பச்சரிசி கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பக்கம் பலருக்கு நோய் வந்தது, உயிர்களும் போயின. புழுங்கல் பக்கம் புதிதாக நோய் வரவில்லை. பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் நெகிரி செம்பிலானில் காட்டுக்குள் ரோடு போட்ட சுமார் 300 ஜாவாத் தொழிலாளர்களிடம் சோதனை செய்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் அரிசியை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். வெள்ளை அரிசி எந்தப் பக்கம் போனதோ, நோயும் அந்தப் பக்கம் போனது. ஜாவாவில் கோழி சொன்னதை மலாயாவில் மனிதர்கள் உறுதிப்படுத்தினார்கள். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. சோதனையில் உயிர்விட்டவர்கள் தாங்களாக விரும்பி வந்தவர்கள் இல்லை. கேட்பார் இல்லாத ஏழை நோயாளிகள். இன்று நாம் அனுபவிக்கும் இந்த அறிவு அவர்களுக்கும் கடன்பட்டது.

அறிவு இருந்தால் மட்டும் போதாது, சோறும் இருக்க வேண்டும். ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கைத் தின்று ஜனங்கள் உயிர்பிழைத்தார்கள். அப்போது பெரிபெரி திரும்பவும் வந்தது. சயாம் மரண இரயில் பாதைக்குப் போன நம்மவர்களையும் காலரா, மலேரியாவோடு சேர்ந்து இந்த நோயும் வாட்டியது. புழுங்கல் அரிசி காத்த வம்சத்தை, அரிசியே இல்லாத காலம் விட்டுவைக்கவில்லை.

நாற்பது வருஷம் கழித்து வந்த பரிசு

தவிட்டில் உள்ள அந்தச் சத்து எது? 1912ல் போலந்து நாட்டவரான கசிமிர் பங்க் இப்படிப்பட்ட சத்துகளுக்கு வைட்டமின் என்று பெயர் வைத்தார். 1926ல் ஜான்சென், டோனாத் என்ற இருவர் அந்தச் சத்தைத் தவிட்டிலிருந்து பளிங்குத் துகளாகப் பிரித்தெடுத்தார்கள். எங்கே தெரியுமா? எய்க்மான் தொடங்கிவைத்த அதே பத்தாவியா ஆய்வுக்கூடத்தில்! அதில் கொஞ்சம் ஹாலந்துக்கு எய்க்மானிடம் அனுப்பினார்கள். முதியவராகிவிட்ட எய்க்மான் அதை நோயுற்ற பறவைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, இதுதான் என்று உறுதி செய்தார். அதுவே இன்று நாம் பி1 வைட்டமின் என்கிறோம், தயாமின் என்றும் சொல்வார்கள். நாம் சாப்பிடும் சோற்றை உடம்பு சக்தியாக மாற்றுவதற்கு அது வேண்டும். நரம்பும் மூளையும் அந்தச் சக்தியை நம்பித்தான் வேலை செய்கின்றன. அது இல்லாவிட்டால் வயிறு நிறைந்திருந்தும் நரம்பு பட்டினி கிடக்கும்.

1929ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு எய்க்மானுக்கும் இங்கிலாந்தின் ஹாப்கின்ஸ் என்ற அறிஞருக்கும் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. எய்க்மானுக்கு அப்போது எழுபத்தொரு வயது. கோழிகளைப் பார்த்து ஏறக்குறைய நாற்பது வருஷம் ஆகியிருந்தது. உடல்நலக் குறைவினால் மேடையேறிப் பரிசு வாங்கப் போக முடியவில்லை. அடுத்த ஆண்டு, 1930 நவம்பர் 5ஆம் தேதி, ஊட்ரெக்ட் நகரில் காலமானார். சரியான காரணத்தைச் சொன்ன கிரைன்ஸுக்கு அந்தப் பரிசில் பங்கு கிடைக்கவில்லை. உலகம் எல்லா நேரத்திலும் நியாயமாகப் பரிசு கொடுப்பதில்லை. 1938ல் பத்தாவியா ஆய்வுக்கூடத்துக்கு எய்க்மானுடைய பெயரைச் சூட்டினார்கள்.

வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியது

பெற்றோர்களே, கதை முடிந்தது என்று மலரை மூடிவிடாதீங்க. பி1 குறைவு இன்னும் உலகத்தை விட்டுப் போகவில்லை. சாப்பிடாமல் சாராயம், சம்சு என்று நாள்தோறும் மிதமிஞ்சிக் குடிக்கிறவர்களுக்கு அது வருகிறது. மது அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. முற்றினால் காலோடு நிற்காது, மூளைக்கே போய்விடும். பார்வை இரட்டையாகத் தெரியும், நடை தள்ளாடும், புத்தி குழம்பும். பிறகு ஞாபகம் அழிந்துபோகும். குடிக்காத நேரத்திலும் ஒருவர் இப்படித் தள்ளாடினால், போதை தெளியட்டும் என்று படுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். காலத்தில் பி1 ஊசி போட்டால் காப்பாற்ற முடியும். பிந்தினால், பெற்ற பிள்ளை எதிரில் வந்து நின்று பேசினாலும், பேசியது அடுத்த நிமிஷமே மறந்துபோகும்.

கால் மரத்தாலே அது பெரிபெரி என்றும் பயப்பட வேண்டாம். இனிப்பு நீர் வியாதியிலும் கால் மரக்கும். காரணத்தை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். நாம் செய்யக்கூடியது சின்னக் காரியம். முடிந்தபோது புழுங்கல் அரிசியோ தவிடு போகாத அரிசியோ வாங்குங்கள். அரிசியைத் திரும்பத் திரும்பக் கசக்கிக் கழுவாதீர்கள். வடித்த கஞ்சியைக் கொட்டாதீர்கள், அந்தச் சத்து தண்ணீரில் கரையக்கூடியது. பயறு, பருப்பு, கச்சான், முட்டை, மீன் என்று கிடைப்பதைச் சோற்றோடு சேர்த்துக் கொடுங்கள். வெள்ளைச் சோறும் ரசமும் மட்டும் தின்று வளரும் பிள்ளைக்கு வயிறு நிறையும், உடம்பு நிறையாது.

மாணவர்களே, இன்றைக்குச் சிலர் மேடையேறிப் பரிசு வாங்குவீர்கள். சிலர் கீழே உட்கார்ந்து கைதட்டுவீர்கள். எய்க்மான் வாழ்க்கையை இரண்டு பேரும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் தேடிப் போனது கிருமியை, கிடைத்தது வேறொன்று. தேடியது கிடைக்கவில்லையே என்று கோழியைத் தூக்கி எறியவில்லை. என்ன மாறியது என்று கேட்டார், கோழி பார்க்கிற ஆளிடமும் கேட்டார். சமையல்கட்டுச் சங்கதி படித்தவனுக்கு எதற்கு என்று ஒதுக்கவில்லை. சொன்ன காரணம் தவறு என்று தெரிந்தபோது திருத்திக்கொண்டார். விடை தப்பானதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. தப்பென்று தெரிந்த பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருப்பதுதான் வெட்கம்.

இன்று இரவு உங்கள் அம்மா அரிசி களையும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள். களைந்த தண்ணீரைக் கொட்டும் முன் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பத்தாவியாவில் கால் முடங்கிக் கிடந்த கோழி எதனால் எழுந்து நடந்தது என்று சொல்லுங்கள். உங்கள் கொள்ளுப்பாட்டி எந்த அரிசியில் சோறாக்கினாள் என்று கேளுங்கள். அந்தப் பதிலும் ஒரு வரலாறுதான்.

நலமாக வாழுங்கள். நன்றாகப் படியுங்கள். வணக்கம்.